யூசுப் பாயின் இடது கண்

கூடுவாஞ்சேரியில் ஒரு ஓட்டலுக்கு வஞ்சிரம் இறக்கிக்கொண்டிருந்தபோது யூசுப் பாயின் மகள் போன் செய்தது. "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க." பாதி மீன் வண்டியிலேயே இருந்தது. அப்படியே திருப்பிக்கொண்டு கிளம்பிவிட்டேன். உயிர் போன பிறகு போய் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரியும். நிற்கத்தான் முடியவில்லை.

பாய் எனக்கு நண்பர் என்று சொன்னால் செங்கல்பட்டு மார்க்கெட்டில் சிரிப்பார்கள். இருபது வருடமாக மாமல்லபுரம் கரையில் எனக்கு எதிராக ஏலம் கேட்டவர் அவர். வாயைத் திறந்து கேட்கமாட்டார். ஏலம் விடுகிற அஞ்சலை அக்கா விலையை ஏற்றிக்கொண்டே வரும். பாய் கடலைப் பார்த்தபடி இடது கண்ணை மட்டும் மூடித் திறப்பார். கூடை அவருடையது. "கத்தி வாங்குறவன் கஷ்டப்பட்டு விப்பான்" என்பார்.

அவருக்கு வலது காதுக்குக் கீழே பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. "பல்லைப் புடுங்கு பாய், சரியாப்பூடும்" என்று சொன்னவன் நான்தான். பல் போனது, கட்டி இருந்தது. ஒரு வருடம் அப்படியே ஓட்டினோம்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்தார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய், அபூர்வமான வகை, நரம்பைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து போகும் என்றார்கள். என் வண்டியில்தான் போயிருந்தோம். எனக்கும் சென்னையில் வேலை இருந்தது. "நரம்பை விட்டுவெச்சா நோயும் தங்கிடலாம். எடுத்தா முகத்துல அந்தப் பக்கம் அசையாது, கண் மூடாது" என்றார் டாக்டர்.

மகள் அழுதது. பாய் ஒன்றே ஒன்று கேட்டார். "இடது கண்ணு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப எடுத்துடுங்க. யாவாரம் அந்தக் கண்ணுலதான் கீது."

ஆபரேஷன் முடியும்வரை ஆஸ்பத்திரிப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு அவர் வராத இரண்டு மாதமும் கரையில் எனக்கு எதிராள் இல்லை. நினைத்த விலைக்கு வாங்கினேன். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது.

திரும்பி வந்த அன்று வாய் ஒரு பக்கம் கோணி, வலது கண் விரியத் திறந்திருந்தது. முதல் கூடை சங்கரா மீன். "பாய் கேட்டாரு!" என்றது அக்கா. அடுத்தது கவளை, அதுவும் பாய்க்கு. அப்புறம் காரப்பொடி. பேர் விழுந்த கூடையை வேண்டாம் என்று சொல்வது கரையில் வழக்கமில்லை. பாயும் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டே இருந்தார். எனக்கு முதல் கூடையிலேயே புரிந்துவிட்டது. மூன்றாவது விழுந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"யக்கா, அவரு கேக்கல! சும்மா கண்ணைச் சிமிட்டுறாரு. அந்தக் கண்ணு மூடாது, இது மட்டுந்தான் மூடும்!"

பாய் பாதி வாயால் சிரித்தார். "தெரிஞ்சும் மூணு கூடை வரைக்கும் வுட்டியே, யாவாரிடா நீ."

மறுநாள் கூலிங்கிளாஸ் போட்டு வந்து, ஏலம் கேட்க விரலைத் தூக்கினார். "இன்னா பாய், சினிமாவுக்குக் கெளம்பிட்டியா?" என்றது அக்கா. "ஹீரோயினு நீதான், வா" என்றார் பாய்.

நான்கு வருடம் கழித்து நுரையீரலில் வந்தது. "இதையும் வெட்டிடலாமா?" என்று கேட்டார். டாக்டர் தலையசைத்தார், வேண்டாம் என்று. நிற்க முடிந்தவரை கரைக்கு வந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் கரை வியாபாரிகள் எல்லோரும் நின்றிருந்தார்கள். இடது கண் மூடியிருந்தது. வலது கண்ணை மகள் விரலால் மூடிவிட்டது, மெல்லத் திறந்துகொண்டது. மறுபடி மூடியது, மறுபடி திறந்தது.

"வுடும்மா" என்றது அஞ்சலை அக்கா. "பாய் கேட்டுகினு கீறாரு."

ஏலத்தில் கூடை விழுவதற்கு முன் பார்க்கிற மாதிரி அக்கா எங்களை ஒரு சுற்றுப் பார்த்தது. கடைசியாக என்னை.

இருபது வருடத்தில் முதல்முறையாக நான் எதிர்த்துக் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போங்கள், பாய்.