ஒன்றரை விக்கல்

புது ஊருக்குப் போனால் லிஃப்ட்காரர் ரெக்கார்டு கடை எங்கே என்று யாரையும் கேட்கமாட்டார். கேட்டால் ஜனங்கள் பெரிய கடைவீதிக்குக் கை காட்டிவிடுவார்கள். அங்கே கண்ணாடிக் கதவு இருக்கும், பளபளவென்று புது உறைகள் இருக்கும், கூடவே காபிக் கோப்பையும் சாவிக்கொத்தும் விற்பார்கள். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டால் விற்பனையாளர் கூரையை அண்ணாந்து பார்ப்பார், விடை அங்கே ஒட்டியிருப்பது போல.

அவர் வழி வேறு. பழைய ரேடியோ ரிப்பேர் பார்க்கிற இடுக்குக் கடை எந்த ஊரிலும் ஒன்று இருக்கும். நேரே அங்கே போவார். "அண்ணே, ரெக்கார்டு பிளேயருக்குப் போடுற ரப்பர் பெல்ட்டை உங்ககிட்ட அடிக்கடி வாங்குறது யாரு?" என்பார். வீட்டில் எப்போதாவது பாட்டு கேட்கிறவனுக்கு ஒரு பெல்ட் வருஷக்கணக்கில் உழைக்கும். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை பிளேயரைச் சுற்றவிடுகிறவனுக்குத்தான் பெல்ட் தொய்யும். விற்கிற சரக்கைத் தானே உட்கார்ந்து கேட்கிற அந்த ஆளின் கடைதான் அவருக்கு வேண்டிய கடை. இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கம்பெனி அனுப்புகிற ஊருக்கெல்லாம் போய் லிஃப்டின் கயிறும் கப்பியும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவருக்கு, எது எங்கே தேய்கிறது என்பதிலேயே புத்தி ஓடுவதில் அதிசயம் இல்லை.

கடைக்குள் நுழைந்தால் அவருக்கு ஒரே நிபந்தனை. "பழுதில்லாத இசைத்தட்டா காட்டுங்க. கீறல், வளைவு, சத்தம் எதுவும் ஆகாது." எடுத்துக் கொடுத்த தட்டை விளிம்பில் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்து, பெண் பார்க்க வந்த மாமியாரைப் போல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார். கழித்த சரக்குப் பெட்டியை மேசைக்கு அடியில் வைத்திருப்பார்கள். அந்தப் பக்கம் அவர் காலைக்கூட நீட்டமாட்டார்.

இத்தனைக்கும் அவர் ஊர் ஊராகத் தேடியது ஒரே ஒரு தட்டைத்தான். மஞ்சள் உறை. மேலே மூன்று வாத்து. உள்ளே, அவர் மனைவி படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்து பாடிய பாட்டுகள்.

அந்தத் தட்டில் தானும் பாடியிருப்பதாக மனைவி சொல்வாள். இல்லவே இல்லை என்பாள் அவளுடைய அக்கா. பதிவன்று ஒத்திகையில் சின்னவளுக்கு விக்கல் எடுத்ததும், பாட்டு டீச்சர் அவளைத் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்லி வெளியே அனுப்பியதும் உண்மை. அதுவரை இருவருக்கும் தகராறு இல்லை. முதல் பாட்டுப் பதிவாகி முடிந்த இடைவெளியில், தான் ஓசைப்படாமல் உள்ளே வந்து முன்வரிசையில் நின்றுகொண்டதாகத் தங்கை சொல்வாள். இரண்டாவது பாட்டின் நடுவில் மறுபடி விக்கல் வந்ததாம். ஒன்று முழுதாக வந்துவிட்டது, அடுத்ததைப் பாதியில் விழுங்கிவிட்டாளாம். பின்வரிசையில் நின்ற அக்கா இது எதையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து வீட்டில் தங்கைக்குப் பெயரே "தண்ணி குடிக்கப் போன பாடகி" என்றாகிவிட்டது.

பள்ளிக்கூடம் கொஞ்சம் தட்டுகள்தான் போட்டது. அவர்கள் அம்மா ஒன்றை வாங்கினாள். பிளேயர் வாங்குவதற்குள் அது ஜன்னலோர வெயிலில் வளைந்து கிண்ணமாகிவிட்டது. ஜன்னலில் வைத்தது யார் என்பது தனி வழக்கு.

லிஃப்ட்காரருக்கு மனைவியின் வார்த்தையில் சந்தேகமே கிடையாது. அந்த விக்கலை அவர் தினமும் கேட்கிறார். அவசரமாகச் சாப்பிட்டாலும் சரி, அடக்க முடியாமல் சிரித்தாலும் சரி, அவளுக்கு ஒன்று முழுதாக வரும், அடுத்தது பாதியில் நிற்கும். ஆனால் அக்காவிடம் அது செல்லுமா? ஒருமுறை வாத்து உறை கிடைத்து ஓட்டமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தது தட்டச்சுப் பயிற்சிக்கான தாளம். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தம்பி, இதுல இவ டைப் அடிக்கிறாளோ?"

இப்போது அக்கா தன் மகனோடு இருக்கக் கண்காணாத தூரத்துக்குக் குடிபோகிறாள். போவதற்கு முந்தின ஞாயிறு தங்கை வீட்டில் சாப்பாடு. "ஏங்க, அவ போறதுக்குள்ள அவ வாயால ஒத்துக்கணும். போயிட்டா போன்லயே ஜெயிச்சிடுவா" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு, கழுவிய சாப்பாட்டுத் தட்டையே மறுபடி கழுவினாள்.

அந்த வாரம் போன ஊரில் ரேடியோக்காரர் யோசிக்கவே இல்லை. "பெல்ட்டா? டயர் கடைக்கு மேல மூணாவது மாடி. வாரத்துக்கு ஒருதடவை வந்து நிப்பாரு, என்னமோ நான்தான் அறுத்துவிட்ட மாதிரி திட்டுவாரு."

மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. லிஃப்ட்காரர் மூச்சு வாங்க ஏறிப் போனார். நீளமான ஒற்றை அறை, சுவர் தெரியாமல் அடுக்கு. மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட கடைக்காரர் ஒரு தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வந்தவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. நல்ல கடை என்று லிஃப்ட்காரருக்குப் பட்டுவிட்டது.

"மஞ்சள் உறை, மூணு வாத்து, பிள்ளைங்க பாடினது. பழுதில்லாததா இருந்தா…"

"பழுதில்லாதது இல்ல."

"சரிங்க" என்று வழக்கம்போலத் திரும்பியவர், எதிரே இறங்க வேண்டிய படிகளைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். அந்தத் தயக்கத்தில்தான் கேட்டார்: "அப்ப பழுதானது இருக்கா?"

"இருக்கு. உங்களுக்கு ஆகாது. பார்த்தா கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா ரெண்டாவது பாட்டுல கோளாறு. நானும் துடைச்சுப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன், ஊசியை மாத்திப் பார்த்தேன், போகல. முன்ன ஒண்ணு வந்துச்சு, அதுலயும் அதே இடத்துல இதே கோளாறு. அச்சுலயே தப்பு."

"என்ன மாதிரி கோளாறு?"

"நல்லா பாடிக்கிட்டே வராங்க, நடுவுல பெருசா ஒரு 'டொக்'. அடுத்து இன்னொண்ணு கிளம்பும், பாதியிலயே நின்னுடும்."

லிஃப்ட்காரர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை ஊர், எத்தனை மாடி! போன இடத்திலெல்லாம் கோளாறில்லாததைக் கொடு என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றவர்களில் எத்தனை பேருடைய மேசைக்கு அடியில் அந்த வாத்துகள் கிடந்தனவோ! அவர் தேடியதே அந்தக் கோளாறைத்தான்.

"அதைக் குடுங்க."

"பழுதான சரக்கை நான் விக்கிறதில்ல. கடை பேர் கெட்டுப்போகும்."

"ஐயா, அது என் சம்சாரம்."

கடைக்காரர் துடைப்பதை நிறுத்தி முதல் தடவையாக நிமிர்ந்தார். லிஃப்ட்காரர் எல்லாவற்றையும் சொன்னார். ஒத்திகை, தண்ணீர், முன்வரிசை, அக்கா, டைப் அடிக்கிற தட்டு. கடைக்காரர் குனிந்து, பெட்டியிலிருந்து தட்டை எடுத்துப் பிளேயரில் வைத்தார். பிள்ளைகள் பாடினார்கள். நடுவில் அது வந்தது. அடுத்ததன் பாதியும் வந்தது. லிஃப்ட்காரருக்குத் தன் வீட்டுச் சமையலறையே கண்முன் வந்து நின்றது.

"அட!" என்றார் கடைக்காரர். மறுபடி அதே இடத்தில் ஊசியை வைத்துக் கேட்டார். "அட, ஆமா. பிள்ளை விக்கல்!" தட்டை எடுத்து ஒரு துடை துடைத்து, புது உள்ளுறையில் போட்டுக் கொடுத்தார். "அப்ப இது பழுது இல்ல. முழு விலை ஆகும்."

"தாராளமா" என்றார் லிஃப்ட்காரர். வாழ்க்கையில் அவர் பேரம் பேசாமல் வாங்கிய தட்டு அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும், லிஃப்ட்காரர் எழுந்து போய்ப் பிளேயரைப் போட்டார். முதல் பாட்டில் அக்கா தலையாட்டினாள். இரண்டாவது பாட்டில், வர வேண்டியது வந்ததும் அவள் தலை நின்றது. மனைவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "விக்கல்தான், ஒத்துக்கறேன். முப்பது பிள்ளைங்க நின்னோம். யாருக்கு வேணா வரும். உன்னோடதுன்னு இதுல சீல் குத்தியிருக்கா?"

"நீங்க சொல்லுங்களேன்" என்று கணவரைப் பார்த்தாள் மனைவி.

"அவர் உன் கட்சி. சாட்சி செல்லாது" என்றாள் அக்கா, கோர்ட்டில் நிற்கிற வக்கீல் மாதிரி விரலை ஆட்டி. அந்த விரலைப் பார்த்ததும் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்தாள், சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு பெரிதாக ஒரு விக்கல். அடுத்தது பாதியில் நின்றது.

தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தாள். "இந்தா, குடி. திரும்பி வந்துதான் பாடியிருக்கே. நான்தான் பார்க்கல." தங்கை குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, அவள் முதுகைத் தடவிவிட்டாள். பிறகு புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, அதை முதல்லேருந்து இன்னொருவாட்டி போடுங்க. என் குரல் எங்க வருதுன்னு பார்ப்போம்" என்றாள்.

போட்டார். மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு ஒரு பக்கம் முழுக்கக் கேட்டார்கள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் கேட்டார்கள். அக்காவின் குரல் எங்கேயும் தனியாகப் பிடிபடவில்லை.

"நீ தண்ணி குடிக்கப் போயிருப்ப" என்றாள் தங்கை.