திமிங்கலத்துக்கு ஒரு பொட்டு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் படச்சட்டக் கடைக்குள் நுழைந்தேன். முருகன், லட்சுமி, யாரோ ஒரு பெண்ணின் பட்டமளிப்புப் படம், எல்லாவற்றிலும் புதுச் சந்தனம், குங்குமம். அங்கிளின் ஓவியமும் தப்பவில்லை.

சென்னையிலிருந்து வந்த நான் கிள்ளானில் தங்கியிருந்தது அங்கிள் வீட்டில்தான். அப்பாவின் பழைய நண்பர், ஓய்வு பெற்ற கப்பல் இன்ஜினியர். மூக்குக்கு மேல் கோபம். இளவயதில் ஸ்காட்லாந்துத் துறைமுகத்தில் வாங்கிய பழைய எண்ணெய் ஓவியம் அது. மூன்று பாய்மரக் கப்பல்கள், ஈட்டி ஓங்கிய ஆட்களோடு ஒரு படகு, அதன் முன்னே தலை தூக்கிய திமிங்கலம். ஆன்டி அதற்கு முதுகு காட்டித்தான் சாப்பிட உட்காருவாராம். அந்த மீனைப் பார்த்தால் சோறு இறங்காதாம். அங்கிளோ தூசு தட்டக்கூட யாரையும் விடமாட்டார். சட்டம் மாற்றக் கொடுத்திருந்தார்; முட்டிவலி என்று வாங்கிவர என்னை அனுப்பினார்.

"எல்லாப் படத்துக்கும் வைக்கிறதுதானே அண்ணே. இதுக்குக் கண்ணாடி இல்லன்னு கவனிக்கல லா," என்றார் கடைக்காரர்.

கப்பலுக்கு ஒன்றாக மூன்று பொட்டு, திமிங்கலத்தின் நெற்றியில் ஒன்று. கைக்குட்டையால் ஒரு பொட்டைத் தொட்டேன். குங்குமம் கப்பல் பாயில் இழுபட்டது. சனியன், சும்மா இருந்திருக்கலாம்.

கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறினேன். கிள்ளானுக்கு முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஷா ஆலம் தாண்டியதும் நல்ல மழை. காகிதம் சுற்றிய படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். சந்தன வாசனையை உணர்ந்த எதிர் சீட்டு அம்மாள் எந்தச் சாமி என்று கேட்டார். கப்பல் என்றேன். அவர் நம்பவில்லை. நிலையத்திலிருந்து வாடகைக் காருக்கு எட்டு ரிங்கிட்; இங்கே வெள்ளி என்பார்கள். இன்னும் சுற்றிப் போயிருந்தால் கூடுதலாகவே கொடுத்திருப்பேன்.

அங்கிள் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். அவர் காது மடல் சிவந்தது. திட்டுவார் என்று காத்திருந்தேன். துணி கேட்டார். ஆன்டி துணியோடு வந்தார், ஆனால் கொடுக்கவில்லை. குனிந்து திமிங்கலத்தையே பார்த்தார்.

"கப்பல்ல இருக்கறத வேணா துடைங்க," என்றார். "மீனு மேல இருக்கறத விட்டுடுங்க."

அங்கிள் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மூன்று கப்பல்களையும் மெல்லத் துடைத்தார். ஒரு பாயில் சிவப்பு தங்கிவிட்டது. படம் சாப்பாட்டு அறையில் பழைய ஆணிக்கே போனது.

நான் கிளம்பிய அன்று பசியாற உட்கார்ந்தபோது, ஆன்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தார். படத்தைப் பார்த்தபடியே தோசை சாப்பிட்டார். அங்கிள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுக் கூடத்திலும் நான் ஆசையாக மாட்டிய படம் ஒன்று உண்டு. சாப்பிடும்போது என் மனைவி எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாள்? விமான நிலையம் வரை யோசித்தேன். எனக்குத் தெரியவில்லை.