ரோமம் இல்லாத பாக்டீரியா

ஸ்ரீஹரி படித்தது பி.காம். பாண்டி பஜார் ஜவுளிக்கடை ஒன்றில் சில வருஷம் பில் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு நன்றாக வருகிறதே என்று யாரோ சொல்ல, மருந்து கம்பெனி ஒன்றில் ரெப் வேலைக்குச் சேர்ந்தார். மயிலாப்பூரும் அடையாறும் அவருடைய ஏரியா. உயிரியல் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டதை அவர் ஒரு குறையாக நினைத்ததில்லை. பயிற்சியில் சொன்னதை மனப்பாடம் செய்து ஏற்ற இறக்கத்தோடு ஒப்பித்துவிடுவார்.

அவர் அதிகம் விற்றது ஒரு புரோபயாட்டிக் பாக்கெட். வயிற்றுப்போக்கு வந்தவர்கள் தண்ணீரில் கலந்து குடிப்பது. அதற்குள் இருப்பது நல்ல பாக்டீரியா. டாக்டர்களிடம் விரித்துக் காட்டும் அட்டையில் அந்த பாக்டீரியாவின் பெரிய படம் இருந்தது. உடம்பெல்லாம் மெல்லிய ரோமம்; அதன் நுனிகள் குடலைப் பற்றிக்கொண்டிருந்தன.

மழை பெய்த ஒரு மாலை. மயிலாப்பூர் லஸ் அருகே உள்ள கிளினிக்கில் கூட்டமில்லை. எப்போதும் பாதியில் கையசைத்து அனுப்பிவிடும் டாக்டர் ஷண்முகப்ரியா அன்று அவர் ஒப்பித்தது முழுவதையும் கேட்டார்.

"ரோமத்தால பிடிச்சுக்கும், விடாதுன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் தினமும் குடிக்கணும்?"

ஸ்ரீஹரி கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். இத்தனை நாள் தனக்கே இந்தக் கேள்வி ஏன் தோன்றவில்லை என்பதுதான் அவரைக் குடைந்தது.

மேலதிகாரி குருபிரசாத்திடம் கேட்டார். எத்தனை பாக்கெட் என்பது அட்டையிலேயே இருக்கிறதே என்றார் அவர். ஸ்ரீஹரி இணையத்தில் தேடினார். ஒட்டிக்கொள்ளும் என்றது ஒரு பக்கம். குடிப்பதை நிறுத்தினால் சில நாளில் போய்விடும் என்றது இன்னொன்று. வீட்டில் சாப்பிடும்போது மனைவி மதுவந்தியிடம் இரண்டையும் சொன்னார்.

"ஒட்டிண்டிருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு," என்றாள் அவள்.

கம்பெனியின் ஆய்வகத்தில் சாருலதா என்ற விஞ்ஞானி இருந்தார். பயிற்சியில் ஒருமுறை பார்த்த பழக்கம். ஸ்ரீஹரி தயங்கித் தயங்கி அவருக்கு போன் செய்தார். சாருலதா பொறுமையாகவே விளக்கினார். ரோமம் குடல் சுவரைப் பிடிப்பதில்லை. சுவரின்மேல் படர்ந்திருக்கும் வழுவழுப்பான கோழைப் படலத்தைத்தான் பிடிக்கிறது. அந்தப் படலம் ஓயாமல் உரிந்து புதிதாகிறது. பிடித்துக்கொண்டிருப்பதும் அதோடு சேர்ந்து போய்விடும். ஏற்கெனவே அங்கே குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாவும் இடம் விடாது.

ஸ்ரீஹரிக்கு ஓரளவு புரிந்தாற்போல இருந்தது. நன்றி சொல்லி போனை வைக்கப் போனார்.

"இன்னொண்ணு, ஸ்ரீஹரி. அட்டைப் படத்துல இருக்கிறது நம்ம பாக்டீரியாவே இல்ல. அதே இனத்துல வேற வகை. நம்ம வகைக்கு ரோமம் கிடையாது."

"அப்போ நம்மது ஒட்டவே ஒட்டாதா மேடம்?"

"மேல்தோல்ல சில புரதம் இருக்கு. அதால கொஞ்சம் ஒட்டும்."

"கொஞ்சம்தான் ஒட்டும்னா எப்படி வேலை செய்யுது?"

"வேலை செய்யுதுன்னு நோயாளிகள்கிட்ட சோதிச்சுப் பார்த்தாச்சு. ஒட்டறதும் வேலை செய்யறதும் ஒண்ணுதான்னு யாரு சொன்னா?"

நான்தான் சொன்னேன், ஏரியா முழுக்கச் சொன்னேன் என்று ஸ்ரீஹரி நினைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் டாக்டர் ஷண்முகப்ரியாவிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னார். சொல்லும்போதே வேலை போய்விடும் என்று தோன்றியது. டாக்டர் அட்டையை வாங்கி, படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் நோயாளிகளில் சிலருக்கு இந்த பாக்கெட் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை, ஏனென்று தனக்கும் முழுசாகத் தெரியாது என்றார். மருந்துச் சீட்டில் அதை எழுதுவதை நிறுத்தப்போவதாகவும் சொல்லவில்லை, தொடரப்போவதாகவும் சொல்லவில்லை. படம் தவறு என்று கம்பெனிக்கு மட்டும் ஒரு மெயில் அனுப்பினார்.

குருபிரசாத் கூப்பிட்டுவிட்டார். படத்தை யார் பார்க்கிறார்கள், உனக்கெதற்கு இந்த ஆராய்ச்சி என்று கோபித்தார். ஆனால் சில நாளிலேயே அட்டை திரும்பப் பெறப்பட்டது. புதியதில் ரோமம் இல்லாமல் மொழுமொழுவென்று ஒரு படம் இருந்தது. அந்த மாதம் மயிலாப்பூரில் விற்பனை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்படி குருபிரசாத்தே ஸ்ரீஹரியிடம் சொன்னார். இது தண்டனையா பாராட்டா என்று ஸ்ரீஹரிக்கு விளங்கவில்லை.

பயிற்சி கொடுப்பதற்கு முன் அந்த பாக்டீரியாவைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. சாருலதாவிடம் அனுமதி கேட்டு ஒரு சனிக்கிழமை ஆய்வகத்துக்குப் போனார். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். சின்னச் சின்ன குச்சிகள், சில தனியாக, சில கோத்துக்கொண்டு கிடந்தன.

"ரோமம் இல்லைன்னு நல்லாத் தெரியுது மேடம்," என்றார்.

"இருந்தாலும் இதுல தெரியாது. ரோமம் அவ்வளவு மெல்லிசு. அதைப் பார்க்க வேற மைக்ரோஸ்கோப் வேணும், இங்க இல்ல."

ஸ்ரீஹரி கண்ணை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.