சீட்டு இல்லாமல் வெளியே போகக்கூடாது

என் அத்தான் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் கேட் காவலர். உள்ளே வருகிறவருக்குத் தலையசைப்பு போதும். வெளியே போகிறவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்ட வேண்டும். சீட்டு இல்லாமல் ஒரு திருகாணிகூட அவரைத் தாண்டாது. இருபது வருடத்தில் ஊறிய இந்தப் பழக்கத்தை வீட்டுக் கம்ப்யூட்டர் மீதும் ஏவிவிட்டார்.

கம்ப்யூட்டருக்குள் ஃபயர்வால் என்று ஒரு காவல் உண்டு, அதில் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி விதிகள் உண்டு என்று தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே போகும் வழியை மொத்தமாக அடைத்தார். எந்த சாஃப்ட்வேர் நெட்டுக்குப் போவதென்றாலும் நோட்டில் எழுதி, 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்திய பிறகுதான் திறப்பார். பிரவுசருக்கே இரண்டு நாள் கழித்துத்தான் முத்திரை கிடைத்தது. மச்சினியான நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அக்கா தையல்காரி. நாலு பேர் கூடினாலே அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவள் இரண்டு மாதம் கண்ணாடி முன் பேசிப் பழகி, வீடியோவில் தையல் வகுப்பு எடுக்கத் துணிந்தாள். அதற்கான சாஃப்ட்வேரை முந்தின நாள்தான் நான் போட்டுக் கொடுத்தேன். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பதினோரு பேர் காத்திருந்தார்கள். இணைப்பு கிடைக்கவில்லை.

அத்தான் வயரைப் பிடுங்கிச் சொருகினார். நெட்காரருக்குப் போன் போட்டார். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எனக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னு அப்பவே சொன்னேன்ல," என்றாள்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. "அத்தான், புது சாஃப்ட்வேருக்கு வழி திறந்தீங்களா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "யாருமே என்கிட்ட சொல்லலையே!"

"அந்த ஃபயர்வாலையே ஆஃப் பண்ணித் தொலைங்க!"

"ஒரு ஆள் வெளியே போகணும்னு கேட்டையே கழட்டுவாங்களா?"

நியாயம்தான்; கோபத்திலும் ஒப்புக்கொண்டேன். அந்த ஒரு சாஃப்ட்வேருக்கு மட்டும் அவசரமாக வழி திறந்தார். நோட்டைத் தொடக்கூட இல்லை. அவர் வாழ்க்கையில் அது முதல் விதிமீறல்.

பத்து ஏழுக்குப் பதினோரு முகங்களும் திரையில் வந்தன. முதல் வரியில் தடுமாறிய அக்கா, ஊசியில் நூல் கோத்ததும் சரளமாகிவிட்டாள். யாரும் அழைப்புமணியைத் தொட்டுவிடாதபடி அத்தான் வாசலில் கண்கொத்திப் பாம்பாக நின்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

வகுப்பு முடிந்ததும் அக்கா நோட்டை எடுத்து, விட்டுப்போன வரியைத் தானே எழுதினாள்.

"வெளியே போவது: என் குரல். அனுமதித்தவர்: நான்."

அத்தான் அதை இரண்டு முறை படித்தார். பிறகு முத்திரையை மையில் ஒற்றி, அழுத்திக் குத்தினார்.