ஸ்பேனர் அக்கா இங்கிலீஷைக் கழற்றி மாட்டிய கதை

இயந்திரத்தைக் கழற்றத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். திரும்ப மாட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம். மாட்டி முடித்த பிறகு மேஜையில் ஒரு திருகுகூட மிச்சம் வைக்காதவர்களை எண்ணத் தொடங்கினால், அந்தத் துணி ஆலையில் முதலில் வருவது ஸ்பேனர் அக்காதான்.

அவள் மெக்கானிக்காகச் சேர்ந்தவள் அல்ல. சட்டைக் காலர் தைக்கும் வரிசையில் உட்கார்ந்தவள். அவளுடைய மெஷின் அடிக்கடி மக்கர் பண்ணும். மெக்கானிக் ஆடி அசைந்து வருவதற்குள் பக்கத்து மெஷின்காரிகள் கட்டுக் கட்டாகத் தைத்து அடுக்கிவிடுவார்கள். பொறுத்துப் பார்த்தவள், ஒருநாள் தானே மூடியைத் திறந்தாள். மாட்டும்போது ஒரு ஸ்பிரிங் எங்கேயும் இடம் கிடைக்காமல் கையில் தங்கிவிட்டது. அன்று வாங்கிய திட்டு வீண்போகவில்லை. அடுத்த முறை ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டாள். கழற்றியது எதுவோ, அதைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைத்தாள். மாட்டும்போது வலக்கோடியிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியாக வந்தது முதலில் போகும். முதலில் வந்தது கடைசியில் போகும். ஸ்பிரிங் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. சில வருஷங்களில் காலர் வரிசையை விட்டு எழுந்து, நீலச் சட்டை போட்டு, இடுப்பில் ஸ்பேனர் செருகிக்கொண்டாள். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவளுக்கு நாற்பதைத் தாண்டிய வயதில் வேறு ஒரு இயந்திரம் வந்து சேர்ந்தது. இங்கிலீஷ்.

ஆலைக்குப் புது மெஷின்கள் வரப்போவதாக மேனேஜர் ஒரு காலை எல்லா மெக்கானிக்குகளையும் நிற்கவைத்துச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஓடுகிறவை. வெளிநாட்டிலிருந்து ஒரு என்ஜினியர் வருவார். அவருக்கு இங்கிலீஷ் மட்டும்தான். அவரே ஒவ்வொருவரிடமும் பேசிப் பார்த்துப் பயிற்சிக்கு ஆள் எடுப்பார். பழைய மெஷின்கள் படிப்படியாகப் பழைய இரும்புக்குப் போகும்.

"மெஷின் இரும்புக்குப் போகும். மெக்கானிக் எங்க சார் போவான்?" என்று கேட்டான் நெட்டை. அவளோடு வேலை பார்க்கிறவன், கதவு நிலையில் குனிந்து நுழைகிறவன்.

"அதுக்குத்தான்பா முன்கூட்டியே சொல்றேன். நாலு வார்த்தை பேசக் கத்துக்கோங்க."

"எனக்கு சினிமா இங்கிலீஷ் போதும்," என்றான் நெட்டை. "அக்காவுக்குத்தான் கஷ்டம். அக்கா மெஷின்கிட்ட மட்டும்தான் பேசும்."

அவள் சிரித்துவைத்தாள். ஆனால் பழைய சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. முன்பு ஒரு தடவை வெளியாட்கள் வந்தபோது அவள் கை ஜாடை காட்டிக்கொண்டு நிற்க, மேனேஜர்தான் அவளுக்காகப் பேசினார். அவள் சொன்னது நீளமாக இருந்தது. அவர் பேசியது குட்டையாக இருந்தது. நடுவில் எதெல்லாம் உதிர்ந்துபோனது என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. இந்தத் தடவை யாரும் அவளுக்காகப் பேச முடியாது. பேசாவிட்டால் பழைய மெஷினோடு அவளும் போகவேண்டியதுதான்.

வீட்டில் அவள் நாத்தனார் இருந்தாள். கணவனின் தங்கை. விமானக் கம்பெனி ஒன்றில் நாள் முழுக்கப் போனில் இங்கிலீஷ் பேசுவது வேலை. அண்ணி வந்து கேட்டதும் முதலில் அவள் நம்பவில்லை.

"நிஜமாவா அண்ணி? நான் பாடம் எடுத்தா நீங்க உட்காருவீங்களா?"

"உட்காரலேன்னா காதைத் திருகு."

"திருகுறது எல்லாம் உங்க வேலை."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு வகுப்பு தொடங்கியது. பெயிண்டர் வேலை பார்க்கும் கணவன் ஒரு நாற்காலியை ஓரமாகப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தான். முதல் வாரம் சொற்களின் வகை. பெயர்ச்சொல் என்றால் ஆள், பொருள், இடம். வினைச்சொல் என்றால் நடப்பது. பெயருக்கு அடைமொழி ஒன்று, வினைக்கு அடைமொழி இன்னொன்று. அக்காவுக்கு இது பெரிய பாரமாகத் தெரியவில்லை. ஊசி, நூல், பல்சக்கரம், பெல்ட் என்று பாகம் பாகமாகப் பெயர் தெரியாமல் எந்த மெஷினைத் தொட முடியும்?

"வினைச்சொல்தான் மோட்டார். சரியா?" என்று கேட்டாள்.

நாத்தனார் தலையாட்டினாள். "சரிதான். அது இல்லேன்னா எதுவும் ஓடாது."

வாக்கியத்துக்கு வந்தபோதுதான் வண்டி சேற்றில் இறங்கியது. நான் நேற்று கடையில் நூல் வாங்கினேன் என்பதை இங்கிலீஷில் சொல்லச் சொன்னாள் நாத்தனார்.

"ஐ யெஸ்டர்டே ஷாப் இன் த்ரெட் பாட்."

நாத்தனார் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "அண்ணி, இது இங்கிலீஷ் இல்ல. இங்கிலீஷ் சட்டை போட்ட தமிழ்."

"சட்டை சரியாத்தானே தெச்சிருக்கேன்?"

"பின்பக்கம் முன்னாடி வந்திருக்கு."

கணவன் சிரித்தான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள்; நாற்காலி ஒரு அடி பின்னால் போனது.

அதற்கப்புறம் வந்த ஞாயிறுகளும் இப்படியே போயின. நாத்தனார் விதிகளை ஒப்பிப்பாள். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று தமிழிலும் சொல்லிப் பார்ப்பாள். அக்கா தலையாட்டுவாள். வாயைத் திறந்தால் வினைச்சொல் வழக்கம்போலக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாத்தனாருக்குப் பொறுமை குறைந்துகொண்டே வந்தது. "மனப்பாடமாவது பண்ணுங்க அண்ணி" என்றாள் கடைசியில். அதுதான் அக்காவுக்குச் சுருக்கென்றது. மனப்பாடம் செய்து அவள் எந்த மெஷினையும் மாட்டியதில்லை.

வழி பிறந்தது ஆலையில். ஒரு பிற்பகல், பட்டன் துளை போடும் மெஷினைச் சுத்தம் செய்வதற்காகக் கழற்றித் துணியில் பரப்பியிருந்தாள். எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வலக்கோடியிலிருந்து எடுத்து மாட்டத் தொடங்கினாள். பாதி வேலையில் கை நின்றது. தமிழ் வாக்கியத்தையும் இப்படிப் பரப்பினால்? வலக்கோடியில் இருப்பது வாங்கினேன். அதிலிருந்து எடுத்துக்கொண்டே வந்தால்?

வாங்கினேன், நூல், கடையில், நேற்று, நான். பாட், த்ரெட், ஷாப் இன், யெஸ்டர்டே, ஐ.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டாள். "கேளு. பாட் த்ரெட் ஷாப் இன் யெஸ்டர்டே ஐ."

நாத்தனார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீரில் பாதி தட்டில் சிந்திவிட்டது. "ஐயோ அண்ணி, இப்ப ஆளே கடைசியில போய் நிக்கிறார்."

அக்கா சிரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். தவறு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மெஷினைக் கழற்றும்போது யாராவது அடிப்பாகத்தைக் கழற்றுவார்களா? அது மேஜையோடு போல்ட் போட்டது. மற்றதெல்லாம்தான் வரும், போகும்.

"ஆள்தான் மெஷினோட பாடி," என்றாள். "அதைத் தொடக்கூடாது. அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும். ஐ. இப்ப வலப்பக்கத்துலேர்ந்து வர்றேன். ஐ பாட் த்ரெட்... கடையில. கடைங்கிறது ஒண்ணு, இல்லுங்கிறது ஒண்ணு. அதையும் பிரிச்சுத் திருப்பினா இல், கடை. இன் ஷாப். ஐ பாட் த்ரெட் இன் ஷாப் யெஸ்டர்டே."

நாத்தனார் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஷாப்புக்கு முன்னாடி ஒரு 'த' போடுங்க," என்றாள் மெதுவாக. "வேற ஒரு குறையும் இல்ல. இதை யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"பட்டன் துளை மெஷின்."

அன்றிலிருந்து வகுப்பின் போக்கே மாறிவிட்டது. சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரிந்தது. அட்டைத் துண்டுகளில் நாத்தனார் சொற்களை எழுத, அக்கா தமிழ் வரிசையில் அடுக்கி, முதல் அட்டையைத் தொடாமல் மற்றவற்றை வலமிருந்து எடுத்துக் கீழே அடுக்கினாள். எல்லா வாக்கியமும் இதற்குப் பணிந்துவிடவில்லை. பெரிய ஊசியைத் திருப்பி நீடில் பிக் என்றபோது நாத்தனார் தடுத்தாள். அக்கா கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "அடிநூல் பாபினும் அது உட்காருற கேஸும் மாதிரி. சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும்," என்று இரண்டு அட்டைகளையும் ஒரு கிளிப்பால் சேர்த்துவிட்டாள். கேள்வி கேட்பதற்கு டூ, டிட் என்று ஒன்று பாடிக்கு முன்னால் வரவேண்டியிருந்தது. அதற்கு ஸ்விட்ச் என்று பெயர் வைத்தாள். ஸ்விட்சைப் போட்டால் கேள்வி.

ரொம்ப நாள் மிரட்டியது வேறொன்று. யாரோ நேற்று மாற்றிய ஊசி, நான் போன வாரம் பார்த்த ஆள் என்பது மாதிரி, ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு வாக்கியம். அதையும் ஒரு ஞாயிறு மடக்கினாள். "இது உள்ளே இருக்கிற தனி செட். முழுசா வெளியே எடுக்கணும், தனியாப் பிரிச்சு மாட்டணும், அப்புறம் ஊசிக்குப் பின்னால கொண்டுபோய்ச் செருகணும்." கணவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "எனக்கும் ஒரு அட்டை குடேன்" என்றான். கொடுத்தாள்.

ஒரே ஒரு குறை. அவளுக்கு நேரம் பிடித்தது. வாயைத் திறக்கும் முன் மனசுக்குள் துணி விரித்து, பரப்பி, எடுத்து மாட்டவேண்டும். நாத்தனார் அதைச் சொல்லிப் பயந்தாள். "எங்க ஆபீஸ்ல ரெண்டு நொடி பேசாம இருந்தா போனை வெச்சுடுவாங்க அண்ணி."

"வைக்கட்டும். அவசரத்துல மாட்டினா திருகு மிச்சமாகும்."

என்ஜினியர் வந்த நாளில் மெக்கானிக்குகள் எல்லாம் புதுக் கூடத்தின் வாசலில் நின்றார்கள். நரைத்த தாடி, மெதுவான குரல். உள்ளே ஒரே ஒரு புது மெஷின் மேஜைமேல் இருந்தது. அவர் துணியை வைத்து ஓட்டினார். தையல் நடுநடுவே விட்டுப்போனது. என்ன கோளாறு, ஏன் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். பழுதை அவர்தான் வைத்திருக்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

நெட்டை முதலில் போனான். சினிமா இங்கிலீஷ் கூடம் முழுக்க முழங்கியது. என்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார், முதுகில் தட்டிக் கொடுத்தார், அடுத்த குழுவில் பார்க்கலாம் என்றார். அவன் வெளியே வந்து, "ஆள் நல்லவர்க்கா. ஆனா மயங்கமாட்டேங்கிறார்," என்றான்.

அவள் முறை வந்தது. மூடியைத் திறந்தாள். கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஊசி இறங்குவதையும் கீழே கொக்கி சுழல்வதையும் குனிந்து கவனித்தாள். கொக்கி ஊசிக்குக் கீழே வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. விஷயம் தெரிந்துவிட்டது. நிமிர்ந்தாள். மனசுக்குள் துணியை விரித்தாள்.

யாரோ மாற்றிய ஊசி இந்த மெஷினுக்குக் குட்டை.

என்ஜினியர் காத்திருந்தார். மேனேஜர் பொறுக்க முடியாமல் ஒரு எட்டு முன்னால் வந்தார். "தமிழ்ல சொல்லும்மா. நான் எடுத்துச் சொல்றேன்."

வாய்வரை வந்த தமிழை அவள் விழுங்கினாள். அவரைப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினாள். கொஞ்சம் இருங்க சார் என்பது அந்தக் கையில் இருந்தது. மேனேஜர் நின்ற இடத்திலேயே நின்றார். உள்செட்டைத் தனியாக எடுத்தாள். அதற்கும் ஒரு பாடி உண்டு: யாரோ. அதை அசைக்காமல் 'மாற்றிய' என்பதை மாட்டினாள். ஊசிக்குப் பின்னால் செருகினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"த நீடில் தட் சம்படி சேஞ்ச்ட் இஸ் ஷார்ட் ஃபார் திஸ் மெஷின்."

ஒரு மூச்சு எடுத்தாள். அடுத்தது சுலபமாக வந்தது. "சோ த ஹூக் கெனாட் கேட்ச் த த்ரெட்."

என்ஜினியர் புருவத்தை உயர்த்தினார். பிறகு தன் மார்பைத் தொட்டுக் காட்டினார். அந்தச் சம்படி தான்தான் என்றார். சொல்லும்போது அவரும் நடுவில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கி, ஒரு சொல்லைத் தேடி எடுத்து வைத்ததை அவள் கவனித்தாள். இங்கிலீஷ் அவருக்கும் வீட்டு மொழி இல்லை. அவரும் எங்கேயோ மேஜை போட்டுக் கழற்றி மாட்டியவர்தான்.

அவர் இன்னும் நிறையக் கேட்டார். அவள் ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துக்கொண்டாள். ஒரு இடத்தில் 'இன்' வரவேண்டிய இடத்தில் 'ஆன்' விழுந்தது; அவர் பொருட்படுத்தவில்லை. முடிவில் ஏதாவது கேட்கவேண்டுமா என்றார். அவள் ஸ்விட்சைப் போட்டாள்.

"வென் டூ வீ ஸ்டார்ட்?"

திங்கட்கிழமை என்றார் அவர். மேனேஜர் பயிற்சிப் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கப் போனபோது, முதல் பெயராக அவளுடையதைப் போடச் சொன்னார் என்ஜினியர்.

அவள் தையல் கூடத்துக்குத் திரும்புவதற்குள் சேதி அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. கொண்டுபோனவன் நெட்டை. வாசலிலேயே காலர் வரிசைக்காரி ஒருத்தி வழிமறித்தாள்.

"அக்கா, வெள்ளைக்காரர்கிட்ட நீளமா ஒண்ணு சொன்னீங்களாமே. அதை எங்களுக்கும் ஒருவாட்டி சொல்லுங்க."

"இந்தச் சத்தத்துல உனக்கு என்ன கேக்கப்போகுது?"

காலர்காரி ஓடிப்போய்க் குனிந்து தன் மெஷினை அணைத்தாள். பக்கத்து இருக்கைக்காரியும் அணைத்தாள். கை, காலர், பட்டன் என்று வரிசை வரிசையாக மோட்டார்கள் அடங்கின. வேலை நேரத்தில் அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்ததை அக்கா பார்த்ததில்லை. கடைசி வரிசையில் இரண்டு பேர் ஸ்டூல்மேல் ஏறி நின்றார்கள். மேற்பார்வையாளர் திட்டுவதற்காக வந்தவர், விஷயம் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

அக்கா எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை துணி விரிக்க நேரம் ஆகவில்லை. வாக்கியம் முழுசாக, பூட்டிய நிலையில், வாயில் வந்து நின்றது. சொன்னாள்.

"அதுக்கு என்னக்கா அர்த்தம்?" என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

தமிழில் சொன்னாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இருந்தாலும் இங்கிலீஷ்லயே இன்னொரு தடவை சொல்லுங்க. கேக்க நல்லா இருக்கு."

அவள் இன்னும் உரக்கச் சொன்னாள்.