மப்ளர்காரரின் குரல்

மும்பை வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு ரயிலேறுகிற ஒரே மனிதர் அவர். வடாலாவில் என்னோடு ஏறி, மான்குர்டில் பை தைக்கும் பட்டறைக்குப் போவார். எங்கள் ஊர்க்காரர்கள் நடத்தும் கோயில் கொடை விழா என்றால் ஆர்கெஸ்ட்ராவில் பாடுவார். தானே பாட்டெழுதித் தானே பாடிப் பேரெடுத்த ஒரு பெரிய பாடகரின் இளவயதுக் குரல் இவருக்கு அப்படியே வரும்.

அந்தப் பாடகர் நவி மும்பையில் வந்து பாடிய மறுநாள் காலை, ரயில் பெட்டியில் ஊர்க்காரர்களுக்குள் ஒரே சண்டை.

“குரல் போன பெறவு எதுக்கு மேடையேறணும்?”

“அவரு பாட்டு, அவரு இஷ்டம்வே!”

நின்றபடியே தூங்கிப் பழகிய எனக்கு அன்று தூக்கம் போனது. கடைசியில் மப்ளர்காரரிடம் திரும்பினார்கள். “அண்ணாச்சி, நீங்களும் போனியள்லா? சொல்லுங்க.”

அவர் வாயிலிருந்த கிராம்பைக் கன்னத்தில் ஒதுக்கினார்.

“குரல் இல்லதான். ரெண்டு எடத்துல வரியும் விட்டுட்டாரு. கொடையில நான் அப்படிப் பாடுனா எறக்கி விட்டுருவாவ.” கிராம்பை மறு கன்னத்துக்குத் தள்ளினார். “ஆனா அது அவரு குரலுல்லா. நான் இன்னும் அவரோட பழைய குரல்லயே பாடிட்டுக் கெடக்கேன். எனக்குன்னு உள்ள குரலு எப்படி இருக்கும்னே தெரியல.”

பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

அடுத்த கொடைக்கு நானும் போயிருந்தேன். மப்ளரை அவிழ்த்து வைத்துவிட்டு, நான் அதுவரை கேட்டிராத, தணிந்த, கரகரத்த ஒரு குரலில் அவர் தொடங்கினார். “அண்ணாச்சி, பழைய மாதிரி பாடுங்க!” என்று கூட்டம் கத்தியது. நிறுத்தினார். பிறகு அந்த இளவயதுக் குரலில் பாடினார். விசில் பறந்தது.

முதலில் பாடிய அந்த ஒன்றரை வரி எப்படி இருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். பிடிபடவில்லை.