கௌசலாவின் நான்கு தரமும் குற்றமற்ற யானையும்

ஒட்டுசுட்டானில் தையல் கடை வைத்திருக்கும் கௌசலாவை வாயால் வெல்லக்கூடிய ஆள் இன்னும் பிறக்கவில்லை என்பார் கணவர் சுமன். மெதுவாகத்தான் சொல்வார். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில், பஸ்ஸில் யன்னல்பக்கம் யாருக்கு என்று எந்தச் சண்டை வந்தாலும் கௌசலா யாரும் கூப்பிடாமலே ஒரு பக்கத்துக்கு ஆஜராகிவிடுவார். சில நாட்களில் இரண்டு பக்கத்துக்கும்.

அப்படிப்பட்டவர் சட்டம் படிப்பதற்கான நுழைவுச் சோதனையில் மூன்று தரம் தவறி, நான்காம் தரம் அருந்தப்பில் தேறினார். வவுனியாவில் தனியார் சட்டக் கல்லூரி ஒன்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. மூன்று தரம் ஏன் தவறியது என்று விளக்க வேண்டுமாம். விளக்கம் எடுபடாவிட்டால் இடம் இல்லை.

"காய்ச்சல் எண்டு சொல்லுமன்" என்றார் சுமன்.

"மூண்டு வருசமும் சோதனை நாளிலையோ? நுளம்பு கலண்டர் பாத்தே கடிக்கிறது?"

மாமி அழகம்மா தீர்ப்புச் சொன்னார்: "யானையைச் சொல்லு பிள்ளை. அது வந்து இல்லையெண்டு சாட்சி சொல்லாது."

ஊர் வழக்கமும் அதுதான். பள்ளிக்கூடம் போகாததற்கும் யானை, கல்யாணவீட்டுக்குப் பிந்தியதற்கும் யானை. எவரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

நேர்முகத்தில் நடுக்கதிரையில் சட்டத்தரணி தில்லைநாதன் இருந்தார்.

"சோதனைக்கு முதல்நாள் இரவு யானை வயலுக்கை இறங்கிப்போட்டுது, சேர். விடியவிடிய வெடி கொளுத்தினனாங்கள். மூண்டு தரமும்!"

"சோதனை புரட்டாதியிலை எல்லோ?"

"ஓம், சேர்."

"எனக்கும் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் கிடக்கு. சிறுபோக நெல்லு வெட்டி முடிஞ்சு, புரட்டாதியிலை வெறும் நிலம். யானை என்னத்தைத் தின்ன வந்தது, பிள்ளை? வரம்பையோ?"

கௌசலாவின் இடம் கைநழுவிக்கொண்டிருந்தது.

"யானை மேலை போட்ட குற்றத்தை வாபஸ் வாங்கிறன், சேர். தன்ரை பக்கத்தைச் சொல்ல ஏலாத சீவன் மேலை பழி போட்டது பிழை."

"அப்ப குற்றவாளி ஆர்?"

"நான்தான். கேள்வியளோடை சண்டை பிடிச்சனான். ஒருத்தன் மாடு வித்தானாம், வாங்கினவன்ரை வீட்டிலை மாடு செத்துப்போச்சாம். நட்டம் ஆருக்கு எண்டு கேட்டிருந்தவை. சரியான விடைக்குக் கோடு போட்டால் காணும். மாடு ஏன் செத்தது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை! நான் மாட்டுக்காக ஒண்டரைப் பக்கம் எழுதினன். நேரம் முடிஞ்சுது."

"மற்ற இரண்டு தரமும்?"

"அடுத்தமுறை ஒரு விதவையின்ரை காணிக்காக எழுதினன். மூண்டாந்தரம், தந்த நாலு விடையும் அநியாயம் எண்டு அஞ்சாவதா என்ரையைப் போட்டன்."

"போனமுறை?"

"பல்லைக் கடிச்சுக்கொண்டு கோடு போட்டனான், சேர். இன்னும் தாடை நோகுது."

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்து முடித்தார். "சரி, உங்களை எடுக்கிறம். ஒரு நிபந்தனை. எங்கடை சோதனையிலை கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதவேணும்."

"இந்த நிபந்தனை எல்லாருக்குமோ, சேர்?"

"உங்களுக்கு மட்டும்."

"அப்ப இது பாரபட்சம் எல்லோ?"

பக்கத்திலிருந்த விரிவுரையாளர் அம்மா தலையில் கைவைத்தார். "வெண்ட வழக்குக்கு ஆரும் அப்பீல் போடுவினமே, பிள்ளை?"

கௌசலா எழும்பி நின்று யோசித்தார். போடலாம் போலத்தான் இருந்தது.